மோட்டாலா ஆலையின் வரவும் செலவும்

ஸ்வீடன் தேசத்தில், வேட்டர்ன் ஏரியின் கிழக்குக் கரையிலுள்ள மோட்டாலா என்ற சிறு நகரத்தில், முன்பே நடந்துவந்த பிளாஸ்டிக் பிரிப்பு ஆலையை நூறு கோடி குரோனாருக்கு மேல் செலவிட்டு விஸ்தரித்து, 2023 நவம்பரில் 'சைட் ஜீரோ' என்ற புதுப் பெயரோடு திறந்தார்கள். நாலைந்து வகைப் பிளாஸ்டிக்கை மட்டுமே இனம் கண்டுவந்த இடத்தில் இன்று பன்னிரண்டு வகைகள் தனித்தனியே பிரிகின்றன. வருஷத்துக்கு 2 லட்சம் டன், அதாவது அந்நாட்டு வீடுகள் கழிக்கும் பிளாஸ்டிக் உறைகள் அனைத்தையும் ஏற்கும் சக்தி அதற்கு உண்டு.

பிரிக்கும் விதம் ரசமானது. தயிர்க் கிண்ணமும் அதன் மூடியும் நம் கண்ணுக்கு ஒரே வஸ்துவாகத் தோன்றினாலும், ரசாயன சுபாவத்தில் அவை வேறு வேறாக இருக்கக்கூடும். ஓடும் பட்டையில் வரும் அவற்றின்மேல் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொன்றும் திருப்பியனுப்பும் ஒளியைக் கொண்டு இனத்தை நிர்ணயித்து, பட்டையின் முனையை எட்டிய க்ஷணத்தில் காற்றைப் பீச்சி உரிய இடத்துக்குத் தள்ளிவிடுகிறது யந்திரம். புகைக்கரியால் கறுப்பேற்றிய டப்பா ஒளியை விழுங்கிவிடுவதால் சாதாரணக் கருவிக்கு அகப்படுவதில்லை. பண்டம் விற்பவரின் அலங்கார ஆசைக்கு ஆலைக்காரர் கட்டும் அபராதம் இது.

பழைய ஆலைக்கு வந்த சரக்கில் ஏறக்குறையப் பாதிதான் மறுசுழற்சிக்குத் தேறியது. மிஞ்சியது எரிஉலைக்கு இரையாயிற்று. ஸ்வீடனில் அத்தகைய உலைகளின் வெப்பம் வெந்நீர்க் குழாய்களின் வழியே வீடுகளுக்குப் போய்ச் சேருவது வாஸ்தவம். ஆனால், பிளாஸ்டிக் பெட்ரோலியத்தின் சந்ததியாதலால், அதை எரிப்பதும் எண்ணெயை எரிப்பதும் ஆகாயத்துக்கு ஒன்றுதான். பொக்கிஷத்துக்கும் நஷ்டமே: மறுசுழற்சியாகாத பிளாஸ்டிக் உறைக் கழிவில் கிலோவுக்கு 0.80 யூரோ வீதம், 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அங்கத்தினர் நாடுகள் செலுத்தவேண்டியிருக்கிறது.

இத்தனை அனுகூலங்களும் பிரித்த சரக்கை வாங்க ஆள் இருந்தால்தான் நிலைக்கும். கச்சா எண்ணெய் மலிந்தால் புதுப் பிளாஸ்டிக்கும் மலிந்துபோக, கழுவி, அரைத்து, உருக்கித் தயாராகும் பழையது போட்டியிட மாட்டாமல் கிடங்கில் தேங்கிவிடுகிறது. கழுவிய நீரோடு நுண்துகள்கள் ஆற்றில் கலக்காதபடி வடிகட்டும் செலவும் அதன் தலையில்தான் விழுகிறது. விலை விஷயத்தில் எந்த யந்திரக் கண்ணும் உதவப்போவதில்லை. ஆகையினால், 2030 முதல் பிளாஸ்டிக் உறைகளில் குறிப்பிட்ட பங்கு மறுசுழற்சிப் பொருள் கலந்திருக்கவேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கும் சட்டத்தையே, மோட்டாலாவில் செலவழித்த நூறு கோடியைக் காட்டிலும் பெரிதாக மதிக்கிறேன்.