சிக்காகோ ஆசிரியர்களும் பெற்றோர்களும்

ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தால் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "பிள்ளைகள் படிப்பு என்ன ஆவது?" என்பதே. அடுத்தது, "வாங்குகிற சம்பளம் போதவில்லையாமா?" என்பது. என் தாயார் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார். கேள்விகள் நியாயமானவையே. ஆலைத் தொழிலாளி வேலையை நிறுத்தினால் முதலாளிக்கு நஷ்டம். ஆசிரியர் நிறுத்தினாலோ முதல் நஷ்டம் வகுப்பில் இருக்க வேண்டிய குழந்தைக்கு. ஆகையால் பெற்றோர் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே ஆசிரியர் போராட்டத்தின் பலம் அமைகிறது. இதைச் சிக்காகோ நகரத்துக் கதையைப்போல் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறொன்றை நான் படித்ததில்லை. விவேகானந்தரால் நமக்குப் பழக்கமான அந்த ஊர், மே தினத்துக்கும் பிறப்பிடம் அல்லவா?

முதலில் சட்டத்தைக் காண்போம். இல்லினாய்ஸ் மாநிலம் 1995-இல் ஒரு சட்டம் செய்தது. சிக்காகோ பொதுப் பள்ளிகளை நடத்தும் கல்விக் குழுவை நியமிக்கும் அதிகாரம் அதனால் மேயர் கைக்குச் சென்றது. ஆசிரியர் சங்கம் சம்பளத்தைப் பற்றி உரிமையோடு பேரம் பேசலாம். ஆனால், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகளை உட்கார வைப்பது, எத்தனை பேரை வேலைக்கு அமர்த்துவது என்பன போன்றவற்றைக் கல்விக் குழு விரும்பினால் மட்டுமே பேசலாம். அவற்றிற்காக வேலைநிறுத்தம் செய்யலாகாது. இதன் விசித்திரத்தைப் பாருங்கள். சம்பளத்திற்காக மட்டும் போராட விட்டுவிட்டு, "பார்த்தீர்களா, சம்பளத்திற்காகத்தான் போராடுகிறார்கள்" என்று ஊரார் பேசவும் வழி செய்தாயிற்று! 2011-இல் மற்றொரு பூட்டும் விழுந்தது. சங்க உறுப்பினர்களில் நூற்றுக்கு 75 பேர் இசைந்தாலன்றி வேலைநிறுத்தம் கூடாது என்றது அவ்வாண்டின் சட்டம்.

சட்டப்படி மேசையில் வைக்க முடியாத பொருளை ஊர் நடுவில் வைப்பது என்று ஆசிரியர்கள் துணிந்தார்கள். இது ஒரே நாளில் தோன்றிய யோசனை அன்று. 2008-இல் சங்கத்திற்குள் சில ஆசிரியர்கள் ஓர் அணியாகச் சேர்ந்தனர். ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்த காலம் அது. மூடும் முன் நடக்கும் விசாரணைக் கூட்டங்களுக்கு இவர்கள் சென்று பெற்றோர்களோடு சேர்ந்து வாதாடினார்கள். 2010-இல் அந்த அணியே சங்கத் தேர்தலில் வென்றது. தலைவியானவர் கேரன் லூயிஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உயர்நிலைப் பள்ளிகளில் ரசாயனம் கற்பித்தவர். ரசாயன மாணவனாகிய எனக்கு அவரிடம் சற்றுக் கூடுதலான பற்று உண்டு என்பதை மறைப்பானேன்?

பெற்றோரை எதிரில் நிறுத்திக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு நியூயார்க் நகரமே சாட்சி. 1968-இல் புரூக்ளினில் கறுப்பின மக்கள் மிகுந்த ஒரு பகுதியின் கல்விக் குழு, சில ஆசிரியர்களை அங்கிருந்து அகற்றியது. ஆசிரியர் சங்கம் நகரம் முழுவதும் 36 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தது. சங்கம் வென்றது. ஆனால் அந்த மக்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இடையே உண்டான கசப்பு பல்லாண்டுகள் நீடித்தது.

சிக்காகோ சங்கம் வேறு வழியில் சென்றது. 2012 பிப்ரவரியில் அது ஓர் அறிக்கை வெளியிட்டது. சிறு வகுப்புகள், இசை, ஓவியம், நூலகம், செவிலியர் என்று ஒரு பள்ளிக்கு வேண்டியவற்றையெல்லாம் அதில் கேட்டிருந்தார்கள். 160 பள்ளிகளில் நூலகமே இல்லை என்று சங்கம் எடுத்துக் காட்டியது. நான்கு மாதம் கழித்து நடந்த வாக்கெடுப்பில், 75 வேண்டிய இடத்தில் நூற்றுக்கு 90 பேர் அளவில் வேலைநிறுத்தத்திற்கு இசைந்தனர். பூட்டுப் போட்டவர்கள் திகைத்திருப்பார்கள்!

செப்டம்பர் 10 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. இருபத்தைந்து ஆண்டுகளில் அதுவே முதல் தடவை. சுமார் 3,50,000 பிள்ளைகள் படிக்கும் நகரம். பெற்றோர் எவ்வளவு இடர்ப்பட்டிருப்பர் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அந்நாட்களில் எடுத்த கருத்துக் கணிப்பில், பொதுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் ஆசிரியர் பக்கமே நின்றனர். வாரக் கடைசியில் ஓர் உடன்பாடு தயாராயிற்று. பிரதிநிதிகளோ உடனே தலையசைத்துவிடவில்லை. படித்துப் பார்க்க இரண்டு நாள் வேண்டும் என்றார்கள். ஆசிரியர்கள் தம் பள்ளிகளுக்கு வெளியே நடைபாதையில் கூடி, ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்து விவாதித்தார்கள். இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த கட்டம் இதுவே. மேயர் நீதிமன்றத் தடை கோரினார். அது விசாரணைக்கு வருமுன் வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது. பள்ளி திறக்கும் நாளிலேயே பாடப் புத்தகம், இசையும் ஓவியமும் உடற்பயிற்சியும் கற்பிக்க 500-க்கு மேற்பட்ட புதிய ஆசிரியர்கள் ஆகியவை அதனால் கிடைத்தன.

நிற்க. எல்லாம் வெற்றியாக முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. மறு ஆண்டு 2013 மே மாதத்தில் ஏறக்குறைய 50 பள்ளிகளை ஒரே மூச்சில் மூடத் தீர்மானித்தது கல்விக் குழு. அவற்றில் படித்தவர்கள் பெரும்பாலும் கறுப்பினக் குழந்தைகள். ஊர்வலங்களும் முறையீடுகளும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் 2015-இல் டயட் உயர்நிலைப் பள்ளிக்காகப் பெற்றோரும் பாட்டிமாரும் அடங்கிய ஒரு குழுவினர் 34 நாள் உண்ணாவிரதம் இருந்தனர். மறு ஆண்டு அப்பள்ளி மீண்டும் திறந்தது. 2019-இல் ஆசிரியர்கள் மறுபடியும் 11 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு செவிலியர், ஒரு சமூக சேவகர் என்பதைப் படிப்படியாக நிறைவேற்ற எழுத்தில் வாங்கினர். பேரப் பொருள்களைச் சுருக்கிய 1995-ஆம் ஆண்டுப் பிரிவு 2021-இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில் கேரன் லூயிஸ் காலமானார்.

இனி அரசியல். நம் நாட்டில் ஆசிரியருக்கு அரசியலமைப்பே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சட்ட மேலவை உள்ள மாநிலங்களில் பன்னிரண்டில் ஒரு பங்கு உறுப்பினரை ஆசிரியர்களே தேர்ந்தெடுக்கலாம்; நாம் படிக்கும் இந்த உத்தரப் பிரதேசத்தில் அத்தகைய இடங்கள் 8. ஆனால் உயர்நிலைப் பள்ளிக்குக் கீழே கற்பிப்பவருக்கு அந்த வாக்கு இல்லை. அகரம் எழுதப் பழக்கியவரை ஏன் விட்டார்களோ! தமிழ்நாட்டில் மேலவையே 1986-இல் போய்விட்டது.

சிக்காகோவில் அப்படி ஒதுக்கிய இடம் ஏதும் இல்லை. ஊரார் வாக்கைத்தான் கேட்க வேண்டும். லூயிஸ் 2014-இல் மேயர் பதவிக்குப் போட்டியிட முனைந்தார். மூளையில் கட்டி கண்டு விலகினார். 2023-இல் முன்னாள் ஆசிரியரும் சங்க ஊழியருமான பிராண்டன் ஜான்சன் மேயரானார். இதில் ஒரு தர்மசங்கடம் இருப்பதை மறுக்க இயலாது. நேற்றுவரை சங்கத்திற்காகப் பேரம் பேசிய தரப்பினர் இன்று சம்பளம் கொடுக்கும் நாற்காலியில் அமர்ந்தால், வரி செலுத்தும் பெற்றோருக்காகப் பேசுவது யார்? கருத்து வேற்றுமை முற்றி, 2024 அக்டோபரில் அவர் நியமித்த கல்விக் குழுவினர் எழுவரும் விலகினர். 2025 ஏப்ரலில் வேலைநிறுத்தம் இன்றியே புதிய ஒப்பந்தம் நிறைவேறியது. கல்விக் குழுவை மேயர் நியமிக்கும் முறையும் தேய்ந்து வருகிறது. 2025 ஜனவரியில் 21 பேர் கொண்ட புதுக் குழுவில் 10 பேர் மக்கள் வாக்கால் வந்தவர்கள். 2027 ஜனவரி முதல் 21 பேரும் அவ்வாறே வர வேண்டும் என்பது சட்டம்.