குளிர் அறைக் கதவும் சிலிக்கான் ரப்பரும்

நமது இதழில் லைசென்ஸ், எடைக்கல், வரிக் கணக்கு பற்றியெல்லாம் நிறைய எழுதியாயிற்று. கதவு ரப்பரைப் பற்றி இதுவரை யாரும் எழுதியதாக நினைவில்லை. பத்து கிலோ பெட்டிகளில் வெண்ணெயைத் திருப்பி வாங்கிய அனுபவம் நமக்கு உண்டு என்பதால் நாம் எழுதத் துணிகிறோம்.

உக்கடத்தில் நமது கடை ஒரு காலத்தில் பருப்பும் எண்ணெயும் மட்டுமே விற்றது. பேக்கரிகள் பெருகிய பிறகு வெண்ணெய், சீஸ், ஈஸ்ட், பாக்கெட் பட்டாணி என்று சரக்கு மாறியது. ஈஸ்ட்டுக்கு ஃபிரிட்ஜ் போதும். மற்றவற்றுக்காகக் கடைக்குப் பின்னால் மைனஸ் 20 டிகிரியில் ஒரு குளிர் அறை கட்டினோம். உறைநிலைச் சரக்கை மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

சில வருடம் போனதும் கதவு ஓரத்தில் பனி கட்ட ஆரம்பித்தது. மிஷின் ஓய்வில்லாமல் ஓடியது, கரண்ட் பில் ஏறியது. கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்து மெக்கானிக்கை அழைத்தோம். அவர் மிஷின் பக்கமே போகவில்லை. கதவைத் திறந்து ரப்பரை விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது. "மிஷின் நல்லாத்தானுங்க இருக்குது. ரப்பர் செத்துப் போச்சுங்க" என்றார்.

சிலிக்கான் ரப்பர் போடச் சொன்னார். விலை விசாரித்தோம். சாதாரண ரப்பரைவிடப் பல மடங்கு சொன்னார்கள். வியாபாரி புத்தி சும்மா இருக்குமா? எங்கே மலிவு என்று தேடி, ஒரு கடையில் பாதி விலைக்கு "சிலிக்கான்தான்" என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கி மாட்டினோம். பனி நின்றது. ஆனால் நான்காம் நாள் போத்தனூர் பேக்கரிக்காரர் ஒருவர் வெண்ணெய்ப் பெட்டியோடு வந்து நின்றார். "ஏனுங்க முதலாளி, வெண்ணெயில ஒரு மாதிரி மருந்து வாசம் அடிக்குதுங்களே?" என்றார். முகர்ந்து பார்த்தோம். அடித்தது. அன்றாட விற்பனைக்காகக் கதவோரம் அடுக்கியிருந்த பெட்டிகள் எல்லாவற்றிலும் அதே வாசம். வெண்ணெய் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும். பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். பணம் போனதைவிட, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நம்மைப் பார்த்த பார்வைதான் நமக்கு உறைத்தது.

அதன் பிறகுதான் இந்த ரப்பர் என்ன பொருள் என்று விசாரித்தோம். குறிச்சி சிட்கோ பக்கம் தெரிந்தவர் ஒருவரின் பட்டறையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தோம்.

இதற்கு மூலம் மணல். மணலிலிருந்து எடுப்பது சிலிக்கான் என்ற தனிமம். அதிலிருந்து செய்யும் ரப்பருக்குச் சரியான பெயர் சிலிக்கோன். கடைத்தெருவில் இரண்டும் ஒன்றாகிவிட்டது, நாமும் அப்படியே எழுதுகிறோம். சிலிக்கான் தூளைச் செம்பின் உதவியோடு மெதில் குளோரைடு வாயுவுடன் சேர்த்தால் இதற்கான மூலப்பொருள் கிடைக்கும் என்று 1940இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் யூஜின் ரோக்கோ கண்டுபிடித்தார். வியாபார அளவில் இந்தச் சரக்கு வந்தது அந்த வழியில்தான்.

குளிரில் இது ஏன் இறுகுவதில்லை? எண்ணெய் விற்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிறது, பக்கத்து டின்னில் கடலை எண்ணெய் ஓடுகிறது. ஒவ்வொரு எண்ணெய்க்கும் ஓர் உறையும் நிலை இருப்பதுபோல ஒவ்வொரு ரப்பருக்கும் உண்டு. மிருதுவான பி.வி.சி. சீக்கிரமே விறைக்கும். மரத்து ரப்பர் இன்னும் தாங்கும், ஆனால் மைனஸ் 25 டிகிரி பக்கத்தில் நாள்கணக்கில் வைத்தால் மெல்ல மெல்ல இறுகும். நமது அறைகள் ஓடுவது ஏறக்குறைய அந்த இடத்தில்தான்! சாதாரண சிலிக்கான் ரப்பரோ மைனஸ் 50 வரை துவண்டுகொண்டே இருக்கும். அதற்கும் கீழே அதுவும் தேங்காய் எண்ணெய்போல உறையப் பார்க்கும். அங்கே ஒரு வித்தை செய்கிறார்கள். தேங்காய் எண்ணெயில் வேறு எண்ணெய் கலந்தால் ஒழுங்காக உறையாது என்பது நமக்குத் தெரியும், கலப்படத்தைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தானே. அதேபோல் சிலிக்கானில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு ஃபினைல் என்ற பொருளைச் சேர்த்துவிட்டால் அது உறைய முடியாமல் மைனஸ் 90க்குக் கீழேயும் வளையும். இந்தக் கலப்படத்துக்கு விலை அதிகம்.

அந்த விலை நமக்கு வேண்டியதில்லை. ஐஸ்கிரீம் பெட்டிக்கும் மீன் அறைக்கும் சாதாரண ரகமே தாராளம். "ஸ்பெஷல் குளிர் ரகம்" என்று யாராவது தலையில் கட்டப் பார்த்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடலாம்.

குளிரில் ரப்பர் உடையும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உடைய வேண்டியதில்லை, திரும்பி எழத் தாமதித்தாலே போதும். 28.1.1986 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 விநாடியில் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் மூட்டில் இருந்த வேறு வகை ரப்பர் வளையம் அன்றைய குளிரில் விறைத்து, இடைவெளியை உடனே அடைக்கத் தவறியது. விசாரணையின்போது ஃபெயின்மன் என்ற விஞ்ஞானி அந்த ரப்பர்த் துண்டை இடுக்கியில் நசுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார், அது உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை. நமது மெக்கானிக் விரலால் அழுத்திப் பார்த்ததும் இதே சோதனைதான்.

இனி அந்த வாசத்துக்கு வருவோம். பட்டறைக்கு சிலிக்கான் வருவது பரோட்டா மாவுபோல மெத்தென்ற கட்டியாக. அதில் நுண்ணிய சிலிக்காத் தூள் ஏற்கெனவே பிசைந்திருக்கும், வலு கொடுப்பது அதுதான். இரண்டு உருளைகளுக்கிடையே அதை ஓட்டி, பெராக்சைடு மருந்தைச் சேர்க்கிறார்கள். பிறகு அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்துவார்கள், அல்லது முறுக்குப் பிழிவதுபோல நீளமாகப் பிழிந்து சூடான காற்றுக்குள் ஓட்டுவார்கள். சில நிமிடங்களில் மாவு ரப்பராகிவிடும். பார்ப்பதற்கு வேலை முடிந்த மாதிரித்தான் இருக்கும்.

முடியவில்லை. வேலை செய்த பெராக்சைடின் மிச்சம் உள்ளே தங்கியிருக்கும். சில ரகத்தில் அது மருந்து வாசம், சில ரகத்தில் நாளடைவில் மேலே பூக்கும் வெள்ளைப் பொடி. அதை விரட்ட, காற்றோட்டமுள்ள அடுப்பில் 200 டிகிரியில் நான்கு மணி நேரம் மறுபடி வேகவைக்க வேண்டும். மலிவுச் சரக்கில் மிச்சப்படுத்துவது இந்த நான்கு மணி நேரக் கரண்டைத்தான். பனி பிடிக்காமல் இருக்கக் கதவு நிலையில் ஹீட்டர் ஒயர் ஓடுகிறதல்லவா? நமது ரப்பரில் மிச்சம் இருந்ததை அந்தச் சூடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டது. வெண்ணெய் குடித்தது.

பெராக்சைடே இல்லாமல் பிளாட்டினம் மருந்தில் வேகவைக்கும் ரகமும் உண்டு, அதில் இந்த வாசம் வராது. ஆனால் அது மகா ஆசாரம். கந்தகம் போட்டு மரத்து ரப்பர் ஓட்டிய உருளையில் இதை ஓட்டினால் வேகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடுமாம். மிளகாய் அரைத்த மிஷினில் சீயக்காய் அரைக்கக் கொடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே வாங்கும்போது, "மறுபடி அடுப்பில் வைத்தீர்களா, எத்தனை மணி நேரம்?" என்று கேளுங்கள். ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, மூடிய டப்பாவில் போட்டு வெயிலில் வைத்து, மாலையில் திறந்து முகருங்கள். ஓரத்தில் சிறிது கொளுத்திப் பாருங்கள். சிலிக்கான் வெள்ளைச் சாம்பலாகும், மற்ற ரப்பர் கரும்புகை கக்கும். நமது மலிவுச் சரக்கு இந்தச் சோதனையில் தேறியது என்பதையும் சொல்ல வேண்டும். பொருள் சிலிக்கான்தான், வேக்காடுதான் குறை.

மாட்டிய பிறகு, கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். லேசாக வந்தால் அந்த இடத்தில் காற்று போகிறது. பனி பிடித்துக்கொண்டால் கத்தியால் நெம்பாதீர்கள். குளிரைத் தாங்கும் இந்த ரப்பர் கிழிசலைத் தாங்காது, சின்னக் கீறல் விழுந்தாலும் அங்கிருந்தே ஓடும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றினால் போதும்.

புது ரப்பர் மாட்டி இரண்டு மழைக்காலம் போய்விட்டது. பழையதில் ஒரு முழம் வெட்டி கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறோம். போத்தனூர்க்காரர் இப்போதும் வெண்ணெய் வாங்க வருகிறார். பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறார்.