மறுநாள் காலை கேட் திறக்குமா?

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அந்த ஒரு வாரம் கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களுக்குத் திருவிழாக் களை வந்துவிடும். வாசலில் பேனர், உள்ளே புத்தகக் கண்காட்சி, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, வந்தவர்களுக்கு டீ, பிஸ்கட். வாரம் முடிந்ததும் பேனர் இறங்கிவிடும். இருபத்தொன்றாம் தேதி காலை அதே தெருவாசி ஒருவர் அதே நூலகத்துக்குப் போனால் என்ன நடக்கும்? கேட்டில் செக்யூரிட்டி ஒரு ரிஜிஸ்டரை நீட்டுவார். பெயர், போன் நம்பர், வந்த நேரம், கையெழுத்து என்று கட்டம் கட்டமாக இருக்கும். நடுவில் ‘யாரைப் பார்க்க வேண்டும்’ என்று ஒரு கட்டம். புத்தகத்தைப் பார்க்க வந்தேன் என்று எழுத அதில் வழியில்லை. ஒரு பல்கலைக்கழக நூலகம் ஊரோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதை அது நடத்திய நிகழ்ச்சிகளை எண்ணிச் சொல்ல முடியாது, நிகழ்ச்சிக்கு வந்தவர் மறுநாள் அங்கே என்ன செய்யலாம் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும் என்பது என் கட்சி.

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனை எடுத்துக்கொள்ளலாம். 1947 ஜூலை வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்த கன்டோன்மென்டின் பழைய குடியிருப்பு. தமிழும் உருதும் ஆங்கிலமும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் பகுதி. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், பென்சன் டவுன் மில்லர்ஸ் ரோட்டில், 1910இல் தொடங்கிய யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ் இருக்கிறது. அது பல்கலைக்கழகம் அல்ல, செராம்பூர் செனட்டின் பட்டங்களுக்குப் பாடம் நடத்தும் இறையியல் கல்லூரி. ஆனால் தென்னிந்தியத் திருச்சபை வரலாற்றை எழுதுகிறவர்கள் அதன் ஆவணக் காப்பகத்தைத் தேடி வருகிறார்கள். மேக்ரி சர்க்கிளைத் தாண்டினால் இந்திய அறிவியல் கழகமும் அதன் ஜே.ஆர்.டி. டாடா நினைவு நூலகமும். இன்னும் வடக்கே, ஜி.கே.வி.கே. வளாகத்தில், தேசிய உயிரியல் அறிவியல் மையம். ஒரு சாதாரணக் குடியிருப்புப் பகுதிக்கு இவ்வளவு புத்தகம் பக்கத்தில் கிடப்பது பெரிய கொடுப்பினைதான். அறிவியல் கழகம் ஆண்டுக்கு ஒருமுறை ‘ஓப்பன் டே’ நடத்தும்போது குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து குவிகிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் ஊராருக்கு ஆர்வம் இல்லை என்ற பேச்சு அன்றைக்கே அடிபட்டுப் போகிறது.

பல்கலைக்கழக நூலகர் ஊரைப் பற்றி யோசிப்பது புதிதும் அல்ல, மேல்நாட்டு இறக்குமதியும் அல்ல. 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக ஒரு கணித ஆசிரியர் நியமிக்கப்பட்டார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். பயிற்சிக்காக லண்டன் போனவர், கிராய்டன் ஊர் நூலகத்தில் வேலை பழகினார். கடைக்காரரும் தொழிலாளியும் பிள்ளைகளும் தங்கள் வீடு மாதிரி நூலகத்துக்குள் வந்துபோவதை அந்நாட்டில் பார்த்தார். திரும்பி வந்து தன் பல்கலைக்கழகத்தின் அலமாரிகளை மட்டும் ஒழுங்குபடுத்திவிட்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதில் முன்நின்றார், அடுத்த ஆண்டே நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. நூலகவியலின் ஐந்து விதிகளைச் சொல்லும் அவருடைய புத்தகம் 1931இல் வெளிவந்தது. புத்தகம் பூட்டி வைக்க அல்ல, புழங்கத்தான் என்பதிலிருந்து அதன் வாதம் புறப்படுகிறது. அதே 1931இல் மன்னார்குடி மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் ஒரு நடமாடும் நூலகத்தை உருவாக்கினார். அதைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். தொடக்க விழா ஒரு நாளோடு முடிந்தது, வண்டியின் வேலை அதன்பிறகுதான் ஆரம்பித்தது. இரவல் கொடுக்கிற வண்டி கொடுத்த புத்தகத்தை வாங்கவாவது அதே ஊருக்குத் திரும்பி வந்தாக வேண்டும். இன்றைய நூலக நிகழ்ச்சிகளில் பலவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்ததிலும் ரங்கநாதனின் உழைப்பு பெரிது. அவர் கடைசிக் காலத்தைக் கழித்தது பெங்களூருவில். 1962இல் நூலகவியல் ஆய்வுக்கும் பயிற்சிக்கும் இங்கே ஒரு மையத்தை நிறுவி, 1972இல் இங்கேயே காலமானார்.

அப்படியிருக்க, நிகழ்ச்சிகள் பெருகியும் வாசல் ஏன் திறக்கவில்லை? நூலகர்களுக்கு மனமில்லை என்று சொல்வது அநியாயம். கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் வழங்கும் நாக் அமைப்பு, இதே பெங்களூருவில் நாகர்பாவியில் இருப்பது, பல ஆண்டுகளாக ஏழு அளவுகோல்களை வைத்து மதிப்பெண் போட்டு வந்தது. ஊர்ப்பணி மூன்றாவது அளவுகோலில் வரும். எத்தனை நிகழ்ச்சி, எத்தனை மாணவர் என்று கணக்குக் காட்ட வேண்டும், ஜியோடேக் போட்ட போட்டோ சேர்க்க வேண்டும். நூலகமோ நான்காவது அளவுகோல். அங்கே நாளொன்றுக்கு எத்தனை ஆசிரியர், மாணவர் நூலகத்தைப் பயன்படுத்தினார்கள் என்று கேட்பார்கள். தெருவிலிருந்து ஒருவர் வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டுப் போனால் அவரை எந்தக் கட்டத்திலும் போட முடியாது. கணக்கில் வராத வாசகருக்காக எந்த முதல்வர் மெனக்கெடுவார்? போட்டோவில் வரும் விழாவுக்கு மட்டும் ஆள், பணம், நேரம் மூன்றும் கிடைத்துவிடுகின்றன.

எதிர்வாதங்களில் சில உண்மையிலேயே கனமானவை. மாணவருக்கே இருக்கை போதவில்லை என்பார்கள். தேர்வு மாதங்களில் அது சரிதான், அப்போது வெளியாரை நிறுத்தி வைப்பதில் தப்பில்லை. ஆனால் கோடை விடுமுறையில் அதே வாசிப்பறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். புத்தகம் காணாமல் போகும் என்பது அடுத்த பயம். இரவல் கொடுக்கச் சொல்லவில்லை, உட்கார்ந்து படிக்க விடுங்கள் என்பதுதான் கோரிக்கை. பையை வாசலில் வாங்கி டோக்கன் கொடுக்கும் வழக்கம் பல நூலகங்களில் இருக்கிறது. அரிய ஆவணங்களை எல்லார் கையிலும் கொடுக்க முடியாது என்பதை மட்டும் மறுப்பில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். நூறாண்டுப் பழைய தாள் விரல் பட்டாலே பொடியும். அதற்கும் வழி உண்டு என்பதை உயிரியல் அறிவியல் மையம் காட்டுகிறது. 2019இல் அங்கே திறந்த ஆவணக் காப்பகம் பொதுமக்களுக்கானது என்றே சொல்லிக்கொள்கிறது. பொதுச் சொற்பொழிவுகளையும் நடத்துகிறது. சொற்பொழிவில் ஆர்வம் பிறந்தவர் காப்பகத்தில் விண்ணப்பித்துக் காகிதங்களையே பார்க்கலாம். இந்த வரிசையில் நடக்கும் நிகழ்ச்சிக்குத்தான் அர்த்தம் இருக்கிறது.

பொது நூலகம் இருக்கும்போது பல்கலைக்கழகத்தின் கதவை ஏன் தட்ட வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. கப்பன் பூங்காவில் 1915இல் எழுந்த சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தில் நூலகம் இருக்கிறது. 1965 நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். எல்லாம் சரி. நாளிதழ், நாவல், போட்டித் தேர்வு நூல்களுக்கு அது போதும். வீட்டில் ஒருவருக்கு அபூர்வ நோய் என்று தெரிந்ததும் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையைத் தேடுகிறவர், தன் பேட்டையின் பழைய வரைபடத்தைத் தேடும் ஓய்வுபெற்ற பொறியாளர், பூட்டனார் பட்டாளத்தோடு வந்த கதையை எழுத நினைக்கும் குடும்பம், இவர்களெல்லாம் எங்கே போவார்கள்? திறந்துவிட்டால் குடி முழுகிவிடாது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஒரு காலத்தில் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. 2009இல் யு.ஜி.சி. விதி வந்தபின் அவை ‘ஷோத்கங்கா’ தளத்தில் ஏறத் தொடங்கின. இன்று லட்சக்கணக்கான ஆய்வேடுகளை யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே படிக்கலாம். எந்தப் பல்கலைக்கழகத்தின் கௌரவமும் இதனால் குறையவில்லை. யார் எங்கிருந்து காப்பியடித்தார்கள் என்பது வெளிச்சத்துக்கு வர வழி பிறந்தது கூடுதல் நன்மை.

நூலகம் ஊருக்குக் கொடுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஊர் நூலகத்துக்குக் கொடுப்பது அதைவிடச் சுவாரசியமானது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்ததில் புத்தகங்கள் பாதிதான் இருக்கும். மற்றவை பழைய இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள். அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. வாங்கிக் கப்பலேற்றவில்லை, தமிழ் வாசகர் இருக்கும் சென்னையிலேயே வைத்தது. இன்று தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சொற்பொழிவும் கண்காட்சியும் நடத்தும்போது பேச்சுக்கும் அலமாரிக்கும் நடுவில் சுவர் இல்லை. குப்பை என்று மற்றவர் தூக்கிப் போட்ட நோட்டீஸிலிருந்துதான் இன்று நாடக வரலாறு எழுதுகிறார்கள். ரிச்சர்ட்ஸ் டவுன், பிரேசர் டவுன், அல்சூர் வீடுகளின் பரண்களில் என்ன கிடக்கிறது என்று எந்தப் பல்கலைக்கழகமாவது கேட்டிருக்கிறதா? கன்டோன்மென்ட் தமிழரின் சபை மலர்கள், சங்க விழா அழைப்பிதழ்கள், பட்டாளத்துச் சான்றிதழ்கள் எல்லாம் வீடு இடிக்கப்பட்டு அபார்ட்மென்ட் எழும்போது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போகின்றன. ஒரு ஸ்கேனர், இரண்டு மாணவர்கள், மாதம் ஒரு சனிக்கிழமை போதும். வீட்டுக் காகிதத்தைக் கொண்டுவாருங்கள், பிரதி எடுத்துவிட்டு மூலத்தைத் திருப்பித் தருகிறோம் என்று தமிழிலும் உருதிலும் கன்னடத்திலும் ஒரு நோட்டீஸ் அடித்தால் வினாடி வினாவைவிடக் கூட்டம் வரும் என்று நம்புகிறேன். அப்படி வருபவரிடம் மறுநாள் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவும் முடியாது. அவருடைய தாத்தாவின் காகிதம் உள்ளே இருக்கிறது.

வெளியாருக்கு வாசலைத் திறப்பதில் மின்னிதழ்கள்தான் உண்மையான முட்டுக்கட்டை. ஆள் பற்றாக்குறையையோ இடப் பற்றாக்குறையையோ நூலகர் எப்படியாவது சமாளிப்பார், பதிப்பாளரின் உரிம ஒப்பந்தத்தை அவரால் மீற முடியாது. மத்திய அரசு 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் 6,300 அரசு நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. வரி கட்டிய குடிமகன் அந்தப் பட்டியலில் இல்லை. தனியார் கல்லூரி மாணவரும் இல்லை. இத்தனைக்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல தங்கள் ஒப்பந்தத்தில், நூலகத்துக்கு நேரில் வந்து அங்குள்ள கணினியில் படிக்கும் வெளியாரையும் அனுமதிக்கும் ஒரு ஷரத்தைச் சேர்த்துக்கொள்கின்றன. பதிப்பாளர்களுக்கு அது புதிய சங்கதியே அல்ல. கேட்டால் கொடுப்பார்கள், இவ்வளவு பெரிய தொகையைக் கையில் வைத்திருப்பவர் கேட்டால் மறுப்பது இன்னும் கடினம். மூன்றாண்டுக் கணக்கு 2027 டிசம்பரோடு முடிகிறது. திட்டத்தை நீட்டிப்பதாக இருந்தால் அதற்கு முன்பே பேரம் தொடங்கிவிடும், அந்த ஷரத்தைக் கேட்க வேண்டிய நேரம் அதுதான்.