கைப்பேசிக்கு எஜமானர் யார்?

சங்கத்தின் இரும்புப் பெட்டிக்குச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை நமது அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால், மடியிலுள்ள கைப்பேசியின் சாவி யாரிடம் இருக்கிறதென்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

சில கடன் செயலிகள் செய்த கொடுமையை நாம் அறிவோம். கடன் கேட்டவரின் தொடர்புப் பட்டியல் முழுவதையும் எடுத்துக்கொண்டு, தவணை தவறியவுடன் உற்றாரையும் நண்பரையும் அழைத்து அவரை அவமானப்படுத்தின. நூல் வியாபாரியின் எண்ணும், சேலை வாங்குவோரின் எண்ணும் அப்பட்டியலில்தானே இருக்கின்றன! 2022 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கு, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் கோப்புகளையும் அழைப்புக் குறிப்புகளையும் தொடலாகாதென்று விதித்தது. விதி நல்லதே. எனினும், விதியை மதியாதவனைத் தடுப்பதற்குக் கருவியின் அமைப்பிலேயே வழி இருத்தல் வேண்டும்.

அந்த அமைப்புக்கே இயங்குதளம் என்று பெயர். கருவிக்கும் செயலிகளுக்கும் நடுவே நின்று, எதற்கு எதைக் கொடுப்பதென்று தீர்மானிப்பது அதுவே. 2015-இல் ஆண்ட்ராய்டு 6 வெளிவருவதற்கு முன், செயலி கேட்ட அனுமதிகளை நிறுவும்போதே மொத்தமாகக் கொடுத்தாக வேண்டியிருந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கும் முறை வந்தது. ஆயினும், "பட்டியலைக் காட்டாவிடில் வேலை செய்யமாட்டேன்" என்று செயலி அடம் பிடித்தால் பாவம், உடையவர் என்ன செய்வார்?

கிராஃபீன் ஓஎஸ் என்னும் இயங்குதளம் இதற்கொரு யுக்தி கண்டிருக்கிறது. அனுமதி கிடைத்துவிட்டதாகவே செயலி எண்ணிக்கொள்ளும். ஆனால் உடையவர் பொறுக்கிக் கொடுத்த பெயர்கள் மட்டுமே அதன் கண்ணுக்குப் புலப்படும். ஒன்றும் கொடாவிட்டால் பட்டியல் வெறுமையாகவே தோன்றும். இணையத் தொடர்பையும் செயலிவாரியாக மறுக்கலாம். குறையும் சொல்லவேண்டும்: இதுகாறும் இதற்கு ஏற்றவையாய் இருந்தவை கூகுளின் பிக்ஸல் கைப்பேசிகளே, அவற்றின் விலை நமக்கு எட்டாது. பாங்குச் செயலிகள் சில அதில் இயங்க மறுப்பதும் உண்டு.

கணிப்பொறியில், 2012-இல் முதற்பதிப்பு கண்ட க்யூப்ஸ் ஓஎஸ் ஒவ்வொரு வேலையையும் தனித்தனி அறையில் அடைத்து வைக்கிறது. ஐயத்துக்குரிய கோப்பை ஓர் அறையில் திறந்து பார்த்து, மூடியதும் அந்த அறையையே அழித்துவிடலாம். நினைவகம் மட்டும் 16 ஜிபி இருப்பது நலம்.

நமது மனத்துக்கு உகந்தது டெபியன். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய இம்முயற்சிக்குத் தனி நிர்வாக விதிகள் உண்டு. தலைவரை ஆண்டுதோறும் உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். விலை கிடையாது, சில ஆண்டுகள் உழைத்த கணிப்பொறியிலும் ஓடும். நிறுவும்போது, எந்தெந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற கணக்கை அனுப்பலாமா என்றொரு கேள்வி வரும். 'இல்லை' என்பதே அங்கே முன்கூட்டிக் குறித்துவைத்த விடை.