சைக்கிளும் மோட்டாரும்

பட்டாபிராம் வழியே செல்லும் சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையில் சைக்கிளில் செல்வோரும் மோட்டார் ஓட்டுவோரும் ஒருவரையொருவர் குறை கூறுவதற்கு முக்கிய காரணம் வேக வித்தியாசமேயாகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடும். 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் சைக்கிளோ 4 மீட்டரே கடக்கும். ஆதலின் சைக்கிளில் செல்வோர் இடது ஓரமாகச் சென்று, திரும்புமுன் பின்புறம் நோக்கிக் கை காட்டுதல் வேண்டும். இரவில் விளக்கு அவசியம். மோட்டார் ஓட்டுவோர் போதிய இடம் விட்டு விலகியே முந்துதல் வேண்டும்.

விபத்து நேரின், காயமுற்றவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்வது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி ஓட்டுநரின் கடமை. மோதிய வண்டி இன்னதெனத் தெரியாவிடினும், வருவாய்த் துறையின் விசாரணை அதிகாரிக்கு மனுச் செய்யலாம். 2022 ஏப்ரல் முதல், மரணத்திற்கு 2 லட்சமும் கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாயும் நஷ்டஈடாக விதிக்கப்பட்டுள்ளன. அங்கத்தினர்கள் இதனை அயலாருக்கும் எடுத்துரைப்பார்களாக.