மினிக்குள் புகுந்த ஹோண்டா

பழைய மினி காரின் பானட்டைத் திறந்தால் ஸ்பேனர் திருப்பக்கூட இடம் இருக்காது. காரின் மொத்த நீளமே 3.05 மீட்டர்தான். பத்தடிக்குச் சற்றே கூடுதல். அந்த இடுக்கில்தான் ஹோண்டா சிவிக்கிலிருந்து கழற்றிய 1,600 சிசி எஞ்சினைப் பொருத்தி ஓட்டுகிறார்கள் பிரிட்டனின் கார் பித்தர்கள். யாரோ ஒருவர் இருவர் செய்யும் சாகசம் அல்ல இது. இந்த மாற்றத்துக்கென்றே உதிரி பாகங்களைத் தயாரித்து விற்கும் பட்டறைகள் அங்கே இருக்கின்றன.

34 குதிரைத்திறனோடு பிறந்த கார், ஒரு மாற்றத்தில் 150, 160 என்று எகிறிவிடுகிறது. எடையோ சுமார் 600 கிலோதான். ஆக்சிலேட்டரை மிதித்ததும் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த வேலையில் எஞ்சினை உள்ளே இறக்குவது பாதிகூட இல்லை. எஞ்சினுக்கு ஈடுகொடுக்கும்படி காரின் மற்ற பாகங்களைத் தயார்செய்வதுதான் உண்மையான வேலை. அதைப் புரிந்துகொள்ள மினி பிறந்த கதைக்குப் போக வேண்டும்.

1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்தபோது பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் முறை வந்தது. குறைவாகக் குடித்து நிறைய ஓடும் சிறிய கார் ஒன்று உடனே வேண்டும் என்று பிஎம்சி நிறுவனத்தின் தலைவர் லியோனார்ட் லார்ட் முடிவெடுத்தார். பொறுப்பு அலெக் இசிகோனிஸிடம் வந்தது. எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார் அவர். கியர்பாக்ஸை எஞ்சினுக்கு அடியில், ஆயில் தேங்கும் தொட்டிக்குள்ளேயே அடக்கினார். இரண்டுக்கும் ஒரே ஆயில். சக்கரங்கள் பத்தே அங்குலம். இப்படி மிச்சம் பிடித்ததில், காரின் தரைப்பரப்பில் 80 சதவீதம் ஆட்களுக்கும் சாமான்களுக்கும் கிடைத்தது. 1959 ஆகஸ்ட் 26 அன்று மினி அறிமுகமானது.

மினியின் முதல் மாதிரிகளில் இருந்தது 948 சிசி எஞ்சின். சோதனை ஓட்டத்தில் அது மணிக்கு 145 கிலோமீட்டரைத் தொட்டது. குடும்பத்தோடு கடைக்குப் போய்வர உருவான காருக்கு இந்த வேகம் அதிகம் என்று நிறுவனம் நினைத்தது. எஞ்சினை 848 சிசியாகக் குறைத்தார்கள். வேகம் மணிக்கு 116 கிலோமீட்டர் அளவில் நின்றது. ஆக, இந்தக் காரில் முதன்முதலில் எஞ்சின் அளவை மாற்றியவர்கள் அதை உருவாக்கியவர்களே. அதுவும் சிறியதாக.

அடுத்து வந்தார் ஜான் கூப்பர். 1959, 1960 இரண்டு ஆண்டுகளும் ஃபார்முலா ஒன் தயாரிப்பாளர் பட்டத்தை வென்ற அணியின் சொந்தக்காரர். இந்தக் குட்டிக் காருக்குள் ஒரு பந்தயக் கார் ஒளிந்திருப்பதைக் கண்டுகொண்டவர். 1961-இல் வந்த மினி கூப்பரில் 997 சிசி எஞ்சின், 55 குதிரைத்திறன். கூடவே முன்சக்கரங்களில் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் வைத்தார்கள். திறன் ஏறியபோதே பிரேக்கும் மாறியது. 1964-இல் மான்டி கார்லோ ராலியை அதன் இன்னும் வேகமான வடிவமான கூப்பர் எஸ் வென்றதும், இந்தக் கார் இன்னும் எவ்வளவு வேகம் தாங்கும் என்ற கேள்வி ரசிகர்களைப் பிடித்துக்கொண்டது. இன்றுவரை விடவில்லை.

அந்தக் கேள்விக்கான பதிலை ஹோண்டா எஞ்சினில் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. மினியின் ஏ-சீரிஸ் எஞ்சின் 1951-இல் வந்த ஒரு வடிவமைப்பின் வாரிசு; வார்ப்பிரும்பால் ஆனது. அதைத் தீட்டித் தீட்டி நூறு குதிரைத்திறன் வரை கொண்டுபோகலாம். ஆனால் அப்படித் தீட்டிய எஞ்சின் நகர நெரிசலில் திணறும், அடிக்கடி பழுதுபார்க்கச் சொல்லும். ஹோண்டாவின் பி16ஏ எஞ்சின் 1989-இல் ஜப்பானில் முதலில் இன்டெக்ரா காரில் வந்தது, பிறகு சிவிக்கிலும். 1,595 சிசி, 160 குதிரைத்திறன். லிட்டருக்கு நூறு. டர்போ எதுவும் கிடையாது. அதன் ரகசியம் வி-டெக் எனும் அமைப்பு. கேம்ஷாஃப்டில் ஒவ்வொரு ஜோடி வால்வுக்கும் இரண்டு வகை மேடுகள். மெதுவாக ஓடும்போது சிறிய மேடு வால்வைக் கொஞ்சமாகத் திறக்கும். 5,000 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் ஆயில் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளி, வால்வைப் பெரிய மேட்டோடு இணைத்துவிடும். வால்வு அதிகமாகத் திறக்கும், அதிகக் காற்று உள்ளே போகும். கடைக்குப் போகும்போது சாது, சாலை திறந்தால் சீற்றம். அலுமினிய பிளாக் என்பதால், திறன் கூடும் அளவுக்கு எடை கூடுவதில்லை.

பொருத்தும் வேலையில் முதல் சிக்கல் இடம். ஹோண்டாவில் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில் இல்லை, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மினியின் இரு முன்சக்கரங்களுக்கு நடுவே இரண்டும் சேர்ந்து அடங்க வேண்டும். எஞ்சினைத் தாங்கும் பழைய சப்ஃப்ரேமைக் கழற்றிவிட்டு, இரும்புக் குழாய்களால் வெல்டிங் செய்த புதியதைப் போல்ட் போட்டு மாட்டுகிறார்கள். பழைய மினிகளில் ரேடியேட்டர் எஞ்சினுக்குப் பக்கவாட்டில், சக்கர வளைவை ஒட்டி இருக்கும். ஹோண்டா வந்தால் அது முன்னால், கிரில்லுக்குப் பின்னே இடம் மாறும். சில வடிவமைப்புகளில் காரின் மூக்கையே கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது டிரைவ்ஷாஃப்ட். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு இது. அதன் ஒரு முனை ஹோண்டா கியர்பாக்ஸுக்குள் போக வேண்டும். மறுமுனை மினியின் சக்கர அச்சில் உட்கார வேண்டும். அப்படிப்பட்ட தண்டு எந்தக் கடையிலும் கிடைக்காது, தனியாகச் செய்துதான் ஆக வேண்டும். இடது, வலது தண்டுகளின் நீளம் ஒத்துவராவிட்டால், வேகமெடுக்கும் ஒவ்வொரு முறையும் கார் ஒருபக்கமாக இழுக்கும். ஸ்டியரிங் கையைப் பறித்துக்கொண்டு போகும். கவனமாகச் செய்பவர்கள் நடுவே ஒரு இணைப்புத் தண்டு கொடுத்து இரண்டையும் சமமாக்குகிறார்கள்.

பிறகு வயரிங். 1960-களின் மினியில் இருப்பவை விளக்கு, ஹாரன், வைப்பர், ஸ்டார்ட்டர் என எண்ணிவிடக்கூடிய வயர்கள். ஹோண்டா எஞ்சினோடு வருவதோ ஒரு பெரிய வயர் கட்டு. காற்றின் அளவு, தண்ணீரின் சூடு, புகையில் மிஞ்சும் ஆக்சிஜன் என்று சென்சார்கள் சொல்வதை எல்லாம் கேட்டு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி பெட்ரோலை அளந்து விடுகிறது. அந்த வயர் கட்டைத் தரையில் பரப்பி, ஒவ்வொரு வயரிலும் டேப் சுற்றிப் பெயர் எழுதி, ஏசி, ஏர்பேக் போன்ற தேவையில்லாதவற்றை உருவி எடுத்து மறுபடி கட்டுவார்கள். மினியின் ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிளால் ஓடுவது. ஹோண்டாவோ மின் சமிக்ஞை அனுப்பும். அந்த ஒரு முள்ளை ஆட்டுவதற்கே தனி வேலை. கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷன் வருவதால், அதிக அழுத்தம் தரும் புதிய பெட்ரோல் பம்ப்பும், மிஞ்சிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்ப இன்னொரு குழாயும் தேவை.

ஓட வைத்தாகிவிட்டது. நிறுத்த வேண்டாமா? வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். 116 கிலோமீட்டர் வேகத்துக்கு வடிவமைத்த சிறிய டிரம் பிரேக்குகளை நம்பி 160 குதிரைத்திறனை ஓட்டுவது தற்கொலைக்குச் சமம். பெரிய டிஸ்க்குகள் வேண்டும். அவை பத்து அங்குலச் சக்கரத்துக்குள் அடங்காது என்பதால், பலர் 13 அங்குலச் சக்கரத்துக்குப் போகிறார்கள். சக்கரம் பெரிதானால் சக்கர வளைவுகளை அகலப்படுத்த வேண்டும், சஸ்பென்ஷனையும் திருத்த வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் மினியின் உடல் 1959-இன் உடல்தான். மோதலில் நசுங்கி ஆட்களைக் காக்கும் பகுதிகள் அதில் இல்லை. பொறுப்பாகச் செய்பவர்கள் உள்ளே இரும்புக் கூண்டும் நல்ல சீட் பெல்ட்டும் பொருத்துவது அதனால்தான்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? பிரிட்டனில் பல ஆண்டுகளாக ஒரு புள்ளிக் கணக்கு நடைமுறையில் இருந்தது. பழைய பதிவு எண் நிலைக்க எட்டுப் புள்ளிகள் தேவைப்பட்டன. காரின் உடற்கூட்டுக்கு ஐந்து புள்ளிகள், எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. எஞ்சினை மாற்றினால் பெரிய நஷ்டம் இருக்கவில்லை, ஆனால் அதற்கு இடம் தேடி உடலை வெட்டினால் காரின் அடையாளமே கேள்விக்குள்ளானது. இந்தியாவில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. எரிவாயுவுக்கு மாற்றும் கிட் போன்றவற்றுக்கு மட்டும் நிபந்தனையோடு அனுமதி உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

தொழிற்சாலையே இதைச் செய்தால் கதை வேறு. நம் சாலைகளில் ஓடிய கான்டெஸாவும் அம்பாசிடரும் அதற்குச் சாட்சி. பெரிய உடலும் சுமார் 50 குதிரைத்திறன் கொண்ட பழைய பிஎம்சி எஞ்சினுமாகத் திணறிய கான்டெஸாவுக்கு, ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் வந்த பிறகுதான் உயிர் வந்தது. 1990-களில் அம்பாசிடருக்கும் அதே குடும்பத்து எஞ்சின் கிடைத்தது.

ஆனாலும் கிடைத்த மினியை எல்லாம் வெட்டுவது சரியல்ல. ஐம்பது லட்சத்துக்கும் மேல் தயாரான காராக இருக்கலாம். ஆனால் 1960-களின் தொடக்கத்தில் வந்து இன்னும் அசல் நிலையில் மிஞ்சியிருப்பவை குறைவு. ஆசைப்படுபவர்களுக்கு, 2000-ஆவது ஆண்டு வரை தயாரான பிற்கால மினிகளோ, எஞ்சின் ஏற்கெனவே செத்துப்போன வண்டிகளோ போதும். அதிலும் வெட்டாமல், போல்ட்டைக் கழற்றினால் பழைய எஞ்சின் திரும்ப உட்காரும்படி செய்வதே முறை. இன்று மினி பெயரை வைத்திருக்கும் பிஎம்டபிள்யூ குழுமம் 2022-இல் அறிவித்த மின்மாற்றுத் திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. பழைய மினியில் பெட்ரோல் எஞ்சினுக்குப் பதில் 90 கிலோவாட் மின்மோட்டார். காரின் உடலில் திரும்பப் பெற முடியாத மாற்றம் எதுவும் இல்லை. கழற்றிய எஞ்சினுக்கு அடையாளமிட்டு, உரிமையாளர் என்றைக்காவது கேட்டால் மறுபடி பொருத்தும்படி எடுத்து வைக்கிறார்கள். ஹோண்டா எஞ்சின் பொருத்தும் பட்டறைகளும் இந்த விதியைக் கைக்கொள்ளலாம்.