புதுமையும் எச்சரிக்கையும்

மாலை வேளையில் டாக்குரியா ஏரிக்கரையில் நாம் கூடும்போது ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. எத்தனையோ நிபுணர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த ராக்கெட் கடலில் விழுவானேன்? முன்கூட்டியே சோதித்துப் பார்க்கவில்லையா? இதற்கு விடை தேட அயல்நாடு செல்ல வேண்டாம். நம் திருநெல்வேலிச் சீமையிலுள்ள மகேந்திரகிரிக்குப் போனால் போதும்.

ராக்கெட்டின் மேலடுக்குக்கு மிகுந்த ஆற்றல் தருபவை திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்ஸிஜனும். முன்னது பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி சென்டிகிரேடிலும், பின்னது 183 டிகிரியிலும் கொதித்து ஆவியாகிவிடும். ஆகவே அவற்றைக் கடுங்குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். அக்குளிரில் உலோகங்கள் சுருங்கும். ஒவ்வோர் உலோகமும் ஒவ்வோர் அளவில் சுருங்கும். பம்பின் சுழலிக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி கூடினால் கசிவு, குறைந்தால் உராய்வு. இத்தொழிலின் சங்கடமெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது.

இந்த நுட்பத்தை ருஷ்யாவிடமிருந்து பெற 1991-ல் ஒப்பந்தமாயிற்று. அமெரிக்காவின் எதிர்ப்பினால் 1993-ல் நுட்பம் கிடைக்காமற் போயிற்று. செய்து முடித்த அடுக்குகள் மட்டும் வந்தன. நாமே செய்து கொள்வதென்று நம்மவர் முனைந்தனர். 2007 நவம்பர் 15 அன்று மகேந்திரகிரியில் நம் அடுக்கு 720 விநாடி எரிந்து தரைச்சோதனையில் தேறியது.

2010 ஏப்ரல் 15 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. முதலிரண்டு அடுக்குகளும் செவ்வனே வேலை செய்தன. மூன்றாவதும் பற்றிக்கொண்டது. ஹைட்ரஜனை உந்தித் தரும் துணைப் பம்பு நிமிஷத்துக்கு 34,800 சுற்று என்ற வேகத்தை எட்டியது. 0.9 விநாடியில் வேகம் தளர்ந்தது, அடுத்த 0.6 விநாடிக்குள் பம்பு நின்றுவிட்டது. ஜிசாட்-4 துணைக்கோள் பறிபோயிற்று. சுழலி ஓரிடத்தில் இறுகிப் பிடித்திருக்கலாம், அல்லது உறை வெடித்திருக்கலாம் என்று ஆய்வாளர் கண்டனர்.

பின்னர் நடந்ததே நாம் கற்க வேண்டிய பாடம். குளிரில் உறையும் தாங்கியும் சுருங்குவதைக் கணக்கிட்டுப் பம்பைத் திருத்தி அமைத்தார்கள். அத்துடன், நமது தரைச்சோதனை எதைச் சொல்லாமல் விட்டது என்றும் கேட்டுக்கொண்டார்கள். எஞ்சின் விண்ணில் பற்றுவது காற்றற்ற வெளியில். ஆதலால் மகேந்திரகிரியிலேயே வெற்றிடம் உண்டாக்கி அதில் பற்றவைத்துப் பார்த்தார்கள்.

2013 ஆகஸ்டு 19. மறுபடியும் ஏவுதளம். புறப்பட 1 மணி 14 நிமிஷம் இருக்கையில் இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவதைக் கண்டார்கள். பலமுறை பறந்து பழகிய அடுக்கு அது! எல்லோருடைய கண்ணும் புதிய எஞ்சின்மீது இருக்க, பழைய தொட்டி ஒழுகியது. தயங்காமல் நிறுத்தினார்கள். விரிசல் காணக்கூடிய அலுமினியக் கலவையை விட்டு, வேறு கலவையில் தொட்டி செய்து பொருத்தினார்கள். 2014 ஜனவரி 5 அன்று ஜிசாட்-14 வெற்றியுடன் விண்ணேறியது.

நிறுத்தத் துணியாதவர் கதையும் உண்டு. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ணோடம் 73 விநாடியில் சிதறி எழுவர் மாண்டனர். குளிரில் ரப்பர் வளையங்கள் விறைத்துவிடும் என்று பொறியாளர் சிலர் முதல் நாளிரவே எச்சரித்திருந்தனர். அவர்கள் சொல் அம்பலம் ஏறவில்லை.

இதையெல்லாம் எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். சென்ற ஆண்டு ஆய்வுக்கூடத்தில் வெற்றிடக் குழாயின் இணைப்பொன்றில் சிறு கசிவு இருப்பதை மானி காட்டியது. சொன்னால் வேலை தாமதப்படும், புதிதாய் வந்தவன் என்று நகைப்பார்கள் என எண்ணி வாளாவிருந்தேன். நான் ‘தாதா’ என்றழைக்கும் வங்காளி நண்பர் மூன்று மாதம் பாடுபட்டுச் செய்த மாதிரி, இரண்டே நாளில் காற்றுப் பட்டுக் கெட்டது. அவர் கோபிக்கவில்லை. “முன்பே சொல்லியிருக்கலாமே” என்றார். அதைவிட வேறு தண்டனை வேண்டுமா?

நம்மில் பலர் நாளை பெரிய திட்டங்களில் பணியாற்றப் போகிறோம். புதிய பாகத்தை அது வேலை செய்யப்போகும் சூழ்நிலையிலேயே சோதிப்போம். பழகிய பாகத்தையும் ஒருமுறை பார்ப்போம். ஐயம் தோன்றினால், கூட்டத்தில் நாமே இளையவர் ஆனாலும், வாய் திறந்து சொல்வோம். இந்த மூன்றாவது பழக்கத்தை நாளைக் காலை ஆய்வுக்கூடத்திலேயே தொடங்கலாம்.